இடுப்பை அளந்து பாருங்கள்

வெரிபீயில் எங்களில் பலருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிய வந்து ஒரு கோப்பை சோறு, உடனே படுக்கை. வண்டி வைத்தால் 'வசதி வந்துவிட்டது' என்று சிரிக்கிறோம்.

வைத்தியர்கள் சிரிப்பதில்லை. தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்தான் இடுப்பின் எல்லை. அதற்கு மேல் போய், இரத்த அழுத்தமும் சீனியும் கொழுப்பும் சேர்ந்து ஏறினால் சலரோகம், மாரடைப்பு எல்லாம் கிட்ட வந்துவிடும்.

விக்ரோரியாவில் 2007இல் தொடங்கிய 'லைஃப்!' என்ற திட்டம் இலவசம். ஆபத்துக் கூடியவர்களைப் பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்து, என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள் என்று விசாரித்து வழி சொல்லுவார். வகுப்புக்குப் போக நேரமில்லாத எங்களுக்கு இதுதான் தோது. பின்லாந்தில் நேரில் இப்படி ஆலோசனை பெற்றவர்களுக்குச் சலரோகம் வரும் ஆபத்து 58 வீதம் குறைந்ததை 2001இல் கண்டார்கள்.

ஆனால் பயிற்சியாளருக்குப் புட்டும் சொதியும் எங்கே தெரியப்போகிறது? நாங்கள்தான் விளங்கப்படுத்த வேண்டும்: எத்தனை நீத்துப்பெட்டி புட்டு, எவ்வளவு தேங்காய்ப்பால், தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி. 'கொஞ்சம்தான்' என்று மழுப்பினால் அவர் என்ன செய்வார், பாவம்!

குடும்ப வைத்தியரிடம் கேட்டால் அனுப்பி வைப்பார். மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கமுன் அவரிடமே கேளுங்கள். ஆங்கிலம் இடித்தால் 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.