ரம்பத்தை நிறுத்தும் நூல்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் வேதாரண்யத்திற்கு அருகே கரையைக் கடந்தது. தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. சாலைகளை மறித்துக் கிடந்த மரங்களை அப்புறப்படுத்தப் பெரிதும் உதவியவை பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பங்கள். கடைக்காரர்கள் இதைச் 'செயின் சா' என்பார்கள். அதைப் பிடித்து அறுப்பவரை நீங்கள் எத்தனையோ முறை வேடிக்கை பார்த்திருப்பீர்கள். மடித்துக் கட்டிய கைலி, ரப்பர் செருப்பு, தலையில் ஒரு துண்டு. இவைதாம் அவருடைய கவசங்கள்!

அந்தச் சங்கிலி என்ன வேகத்தில் ஓடுகிறது என்று நாமே கணக்கிட்டுப் பார்ப்போமா? சைக்கிளில் இருப்பதுபோல இதிலும் ஒரு பற்சக்கரம்தான் சங்கிலியை இழுக்கிறது. பொதுவாக அதற்கு 7 பற்கள். பெருவழக்கில் உள்ள ஒரு சங்கிலி வகையில், பற்சக்கரம் ஒரு முறை சுற்றினால் சங்கிலி 13.3 செ.மீ. நகரும். எஞ்சின் நிமிடத்திற்கு 9,000 முறை சுற்றுவதாகக் கொள்வோம். அதாவது வினாடிக்கு 150 சுற்று. 13.3 செ.மீ.யை 150ஆல் பெருக்கினால், வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பேருந்தின் வேகம் இது.

சங்கிலியில் 3.8 செ.மீ.க்கு ஒரு வெட்டும் பல் உண்டு. ஆகவே ஒரு புள்ளியை வினாடிக்கு 500க்கும் மேற்பட்ட பற்கள் கடந்து செல்கின்றன. 'பட்டவுடன் காலை இழுத்துக்கொள்ள மாட்டோமா?' என்று சிலர் நினைக்கலாம். கண் கண்டு, மூளை உணர்ந்து, தசை அசைவதற்குள் வினாடியில் ஐந்தில் ஒரு பங்காவது கழிந்துவிடும். அதற்குள் 100 பற்கள் போயிருக்கும்!

அந்தப் பற்களும் சாதாரணமானவை அல்ல. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946இல் ஒரு மரக்கட்டைக்குள் வண்டின் புழு ஒன்று மரத்தை இடமும் வலமுமாகக் குடைந்து தின்பதைக் கண்டார். அதன் தாடைகளைப் பார்த்தே வளைந்த பல்லுள்ள சங்கிலியை உருவாக்கினார். இன்றைய சங்கிலிகள் அந்த வழியில் வந்தவையே. இந்தப் பல் கத்தியைப்போலக் கீறுவதில்லை. உளியைப்போலச் சீவி எடுக்கிறது. மரத்தில் அரை சென்டிமீட்டருக்கும் அதிக அகலமுள்ள பள்ளம் விழுவதும், தூள் குவிவதும் இதனால்தான். சதையிலும் அப்படியே. காயத்தின் இரு ஓரங்களுக்கும் இடையே இருந்த சதை போய்விடுவதால், மருத்துவருக்குச் சேர்த்துத் தைப்பதே பெரும்பாடு. எண்ணெயும் மரத்தூளும் துணி இழையும் வேறு உள்ளே போயிருக்கும்.

அமெரிக்காவில் 2009 முதல் 2013 வரையிலான ஐந்தாண்டுகளில், இந்த ரம்பத்தால் காயமுற்று மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் 1,15,000 பேருக்கு மேல் என்பது ஒரு மதிப்பீடு. அடிபட்ட இடங்களில் கை விரல்களும் முழங்காலும் முதன்மையானவை. முழங்கால் ஏன்? கிளை அறுந்து முடிந்த கணத்தில் மரத்தின் தடை மறைந்துவிடுகிறது. ஐந்தாறு கிலோ எடையுள்ள ரம்பம் தன் எடையாலும், அறுப்பவர் கொடுத்துக்கொண்டிருந்த அழுத்தத்தாலும் கீழே வருகிறது. அங்கே இருப்பது கால்.

அப்படியானால் இரும்புத் தகட்டில் கால்கவசம் செய்து மாட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். அதைக் கட்டிக்கொண்டு நாள் முழுதும் தோப்பில் நடப்பது எப்படி? பொறியியலார் வேறு வழி கண்டார்கள். அந்த வழி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். சைக்கிளில் போகும்போது வேட்டி நுனி செயினில் சிக்கினால் என்ன ஆகிறது? துணி பற்சக்கரத்துக்குள் சுருட்டிக்கொண்டு போய், மிதிக்க முடியாமல் சக்கரமே நின்றுவிடும். நாம் எரிச்சலுறும் அதே நிகழ்ச்சியை வேண்டுமென்றே உண்டாக்குவதுதான் ரம்பக்காரருக்கான பாதுகாப்புக் கால்சட்டை.

அதன் மேல்துணிக்கு அடியில் மிக நீளமான, வலுவான செயற்கை இழைகள் பல அடுக்குகளாகத் தளர்வாக வைக்கப்பட்டிருக்கும். சங்கிலி மேல்துணியை அறுத்ததும் அதன் பற்களில் இந்த இழைகள் மாட்டிக்கொள்கின்றன. எளிதில் அறுபடாமல் கொத்துக்கொத்தாக உருவிக்கொண்டு வந்து, பற்சக்கரத்தைச் சுற்றி இறுகி, அதை நிறுத்திவிடுகின்றன.

இவ்வளவு பலமுள்ள எஞ்சினை நூல் எப்படி நிறுத்தும்? இங்கே இயற்பியல் நமக்குக் கைகொடுக்கிறது. சங்கிலியின் நிறை 300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இயக்க ஆற்றல் ½ × 0.3 × 20 × 20 = 60 ஜூல். ஆறு கிலோ கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் ஆற்றல்தான், இழைகள் தாங்கக்கூடியதே. ஆனால் 3 கிலோவாட் எஞ்சின் வினாடிக்கு 3,000 ஜூல் ஆற்றலைத் தந்துகொண்டேயிருக்குமே? அதற்குத்தான் எஞ்சினுக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே மைய விலக்கு விசையில் இயங்கும் ஒரு கிளட்ச் இருக்கிறது. பற்சக்கரம் இறுகி நின்றால் கிளட்ச் வழுக்கும். எஞ்சின் உறுமும், திணறும், சங்கிலி ஓடாது.

கைலியும் துணிதானே என்று கேட்கலாம். அதன் பருத்தி இழைகள் குட்டையானவை. பற்சக்கரத்தை இறுக்குமுன் அறுந்துபோகும். தொளதொளவென்று தொங்குவதால் சங்கிலியில் மாட்டி, ரம்பத்தைக் காலருகே இழுத்து வரவும் கூடும். அதற்கு ஒன்றும் உடுத்தாமலிருப்பதே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது!

நுனியால் வரும் ஆபத்து வேறு வகை. சங்கிலி மேற்புறத்தில் முன்னோக்கி ஓடி, நுனியில் கீழாகத் திரும்புகிறது. நுனியின் மேற்பாதி ஒரு கிளையில் இடித்துப் பல் சிக்கினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எதிர்விசை ரம்பத்தைப் பின்னும் மேலுமாக எறிகிறது. இதை 'உதைப்பு' எனலாம். வினாடியில் பத்தில் ஒரு பங்கு போன்ற நேரத்தில் தகடு முகத்தை நோக்கி வந்துவிடும். மனிதரால் இதைத் தடுக்க முடியாது. முன்கைப்பிடிக்கு எதிரே உள்ள காப்பு தடுக்கும். உதைப்பில் ரம்பம் சட்டெனச் சுழலும்போது, காப்பு தன் நிலைமத்தால் பின்தங்குகிறது. பேருந்து திடீரென்று கிளம்பும்போது நாம் பின்னே சாய்வதுபோலத்தான். அந்தப் பின்தங்கல் ஒரு வில்லை விடுவிக்க, பிரேக் பட்டை கிளட்ச் உருளையை இறுக்குகிறது. இந்தப் பிரேக் இல்லாத பழைய ரம்பம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது என்பது என் கருத்து. தலைக்கவசமும் வலைத்திரையும் அதற்குத் துணை. காதுமூடியும் வேண்டும், 110 டெசிபல் ஒலியை வெறுங்காதால் ஒரு நாளில் இரண்டு நிமிடம் கேட்பதே அதிகம்.

மீண்டும் கால்சட்டைக்கு வருவோம். எண்ணெய்ப் பிசுக்கு ஊறினால் இழைகள் ஒட்டிக்கொண்டு உருவிவர மறுக்கும். ஆகவே துவைக்க வேண்டும். சிறு கிழிசலைத் தையல்காரரிடம் கொடுத்து உள்ளடுக்கோடு சேர்த்துத் தைத்துவிட்டால், இழைகள் தைத்த இடத்திலேயே நின்றுவிடும். பார்வைக்குப் புதிது, வேலைக்கு உதவாது. ஒரு முறை இழைகள் வரை அறுபட்டதை மறுபடி அணியக் கூடாது. மின்சார ரம்பத்துக்கு இந்தக் கால்சட்டையை அப்படியே நம்பவும் முடியாது. மின் மோட்டார் குறைந்த வேகத்திலும் முழு முறுக்கு விசை தருவதால், இழைகள் இறுகிய பின்னும் இழுத்துக்கொண்டிருக்கக் கூடும்.

எந்தக் கால்சட்டையும் எல்லா வேகத்துக்கும் ஆகாது. உலகத் தரக் கட்டுப்பாட்டின்படி வகுப்பு 1 என்றால் 20 மீ/வினாடி, வகுப்பு 2 என்றால் 24, வகுப்பு 3 என்றால் 28 மீ/வினாடி வேகச் சங்கிலியைக் கொண்டு சோதித்தது என்று பொருள். இருபதுக்கும் இருபத்தெட்டுக்கும் வேறுபாடு கொஞ்சம்போலத் தெரியும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 784ஐ 400ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய இரு மடங்கு! உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இந்த ரம்பம் இருந்தால், அதன் புத்தகத்தில் சுற்றுவேகத்தையும் பற்சக்கரத்தின் பற்களையும் பார்த்து, சங்கிலியின் வேகத்தை மேலே செய்ததுபோலக் கணக்கிடுங்கள். கடையில் எந்த வகுப்பைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.