முடியோரத்தில் நடக்கும் கணக்கு

பச்சைத் துணிக்கு முன்னால் நின்று ஒருவர் வானிலை சொல்கிறார். நம் டிவியில் அவருக்குப் பின்னால் வங்கக் கடலும் சுழலும் புயலும் தெரிகின்றன. துணி எங்கே போனது? சினிமாக்காரர்கள் 'கிரீன் மேட்' என்று சொல்லும் இந்த வித்தைக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் குரோமா கீ. ஒரு நிறத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, அது இருக்கும் இடத்தையெல்லாம் கண்ணாடிபோல் ஆக்கிவிடுவது.

ஏன் பச்சை? மனிதத் தோல் கறுப்போ மாநிறமோ வெளுப்போ, எல்லாவற்றிலும் சிவப்புதான் தூக்கல். பச்சை அதிலிருந்து விலகி நிற்கும். கேமராவுக்குள்ளும் ஒரு காரணம் உண்டு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், நான்கு ஒளியுணரிகளில் சிவப்புக்கு 1, நீலத்துக்கு 1, பச்சைக்கோ 2. இன்றும் பெரும்பாலான கேமராக்கள் அப்படித்தான் பார்க்கின்றன.

வேலையின் அளவைப் பாருங்கள். முழு எச்டி படம் ஒன்றில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து 'இருக்கட்டுமா, போகட்டுமா' என்று முடிவுசெய்ய நமக்கு ஒரு நொடி ஆகும் என்று வையுங்கள். ஒரே ஒரு நொடி வீடியோவை முடிக்க, தூங்காமல் 600 நாள் உட்கார வேண்டும்!

ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருளில் இதற்கென்று சில ஸ்லைடர்கள் இருக்கின்றன. 'சிமிலாரிட்டி' என்பது எவ்வளவு தூரத்துப் பச்சையையும் பச்சையாகக் கொள்ளலாம் என்ற அளவு. சுருக்கம் விழுந்த துணியில் பச்சை ஒன்றல்ல, நூறு. ஸ்லைடரை ஏற்றினால் சுருக்கம் மறையும்; இன்னும் ஏற்றினால் சட்டையில் ஓட்டை விழும். முதலில் துணிக்கு இஸ்திரி போடுங்கள் என்பேன்.

உண்மையான அதிசயம் தலைமுடியில் இருக்கிறது. ஒன்றேகால் மீட்டர் உயரக் காட்சி 1080 வரிகளில் அடங்கினால், ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு முடியின் தடிமன் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆக, அந்தப் புள்ளி முடியும் அல்ல, துணியும் அல்ல. இரண்டும் கலந்த சாயம். வைப்பதா, அழிப்பதா?

கணினி இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே, பச்சைக்குப் பதில் நீலத் திரையும் ஃபிலிமும் மட்டும் வைத்துக்கொண்டு இந்த முடிச்சை அவிழ்த்தவர் பெட்ரோ விளாஹோஸ். 'பென்ஹர்' (1959) படத்துக்காக அவர் உருவாக்கிய முறை, 'இது நீலமா?' என்று கேட்கவில்லை. 'மற்ற நிறங்களைவிட நீலம் எவ்வளவு மிஞ்சி நிற்கிறது?' என்று கேட்டது. மிஞ்சிய அளவுக்குத்தான் பின்னணி தெரியும். முடி, புகை, கண்ணாடி மூன்றும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டன. என் கண்ணுக்கு இந்தத் துறையின் ஆக அழகான யோசனை இதுதான்.

வாழைத் தோப்பில் எடுத்த படத்தில் முகம் லேசாகப் பச்சை தட்டும் அல்லவா? துணியும் அப்படியே கன்னத்திலும் தோளிலும் பச்சையைத் தெளிக்கும். அதைத் துடைப்பது 'ஸ்பில்' ஸ்லைடர். இதற்குப் பரவலான ஓர் உபாயம், சிவப்பு, நீலம் இரண்டின் சராசரியைப் பச்சை தாண்டாதபடி பிடித்து வைப்பது. துணியை விட்டு இரண்டு மீட்டர் முன்னால் நின்றால் துடைக்கும் வேலையே குறைந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் முடியோரம் படிக்கட்டுபோல் நறுங்கித் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் வீடியோவைச் சுருக்கும் முறைதான். வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி குறித்துவைக்கும் அது, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒருமுறைதான் குறிக்கிறது. நம் கண்ணுக்கு அது போதும். நிறத்தை நம்பியே வெட்டும் மென்பொருளுக்கு அது மொண்ணைக் கத்தரி. 'ஸ்மூத்னெஸ்' ஸ்லைடரைக் கொஞ்சம் ஏற்றுங்கள், படிக்கட்டு மழுங்கும்.