செகண்ட் ஹேண்ட் இரும்பு – 7: புகார் சொன்ன பெட்டி

போன வாரம் ஹைட்ராலிக் பம்ப் பற்றிப் பார்த்தோம். பம்ப் தேய்ந்தால் சத்தம் வரும், ஆயில் கொதிக்கும், பக்கெட் மண்ணில் திணறும். பழகிய மெக்கானிக் கையை வைத்தே சொல்லிவிடுவார். இந்த வாரத்துக் கோளாறு அப்படிக் காட்டிக்கொடுக்காது. வண்டி காலையில் நன்றாக ஓடும். பாறை உடைக்கும்போது திடீரென்று ஆர்.பி.எம். இறங்கும், மானிட்டரில் ஒரு எண் மின்னும். சாவியை அணைத்துப் போட்டால் எண் மறைந்துவிடும், வண்டியும் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்யும். ஆபரேட்டர் முதலாளிக்கு போன் போட, முதலாளி வந்து பார்க்கும்போது எந்தக் கோளாறும் இருக்காது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதற்குப் பயந்தே பழைய மாடலைத் தேடுகிறார்கள். கோமட்சு எக்ஸ்கவேட்டரில் பிசி 200-7 வரை டீசல் பம்ப் மெக்கானிக்கல். அடுத்து வந்த 200-8-ல் காமன் ரெயில் இன்ஜின், அதற்கென்று தனி கண்ட்ரோலர். ஹைட்ராலிக்குக்கு இன்னொரு கண்ட்ரோலர், கேபினில் மானிட்டர், சீட்டுக்குப் பின்னால் வண்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் பெட்டி. இன்றைக்கு எந்தக் கம்பெனி வண்டியிலும் ஏறக்குறைய இதே குடும்பம்தான். இவை எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது ஒன்றின் மேல் ஒன்று முறுக்கிய இரண்டே ஒயர்களில். அதன் பெயர் கேன். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் கார்களுக்காக உருவாக்கி, 1986-ல் டெட்ராய்ட் மாநாட்டில் அறிமுகம் செய்தது. டீசல் இன்ஜின் உலகம் அதன் மேல் ஜே1939 என்று ஒரு பொதுப் பேச்சுமுறையை வகுத்துக்கொண்டது.

அந்தப் பேச்சுமுறையில் கோளாறு எண் இரண்டு பகுதியாக வரும். முதல் பகுதி எது என்று சொல்லும், இரண்டாவது என்ன ஆயிற்று என்று சொல்லும். 639 என்றால் அந்த ஒயர் இணைப்பு. பக்கத்தில் 9 இருந்தால், வரவேண்டிய தகவல் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை என்று பொருள். தகவலுக்குக் காத்திருந்து ஏமாந்த பெட்டிதான் இந்த எண்ணைப் போடுகிறது. ஆக, புகார் சொல்கிற பெட்டி உயிரோடு இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளிலோ முதலில் கழற்றப்படுவதும் அதுதான். ஆப்சென்ட் போட்ட வாத்தியாரையே வேலையை விட்டு அனுப்புவது மாதிரி. கண்ட்ரோலர் போர்டு போய்விட்டது என்று ஒருவர் சொன்னதும் லட்சங்களில் பேச்சு தொடங்கிவிடும். வேறொரு வண்டியில் கழற்றிய பழைய கண்ட்ரோலரை வாங்கி மாட்டுவார்கள். அதிலுள்ள சாஃப்ட்வேர் இந்த வண்டிக்கு ஒத்துவராமல், இருந்த ஒரு கோளாறு மூன்றாகும்.

யார் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்று எழுதிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. மானிட்டரும் பம்ப் கண்ட்ரோலரும் சேர்ந்து இன்ஜினைக் காணோம் என்றால், நடு ஒயரிலிருந்து இன்ஜின் பக்கம் பிரியும் கிளையைப் பார்க்க வேண்டும். எல்லோரும் எல்லோரையும் காணோம் என்றால் கோளாறு எல்லாப் பெட்டிகளையும் இணைக்கும் அந்த நடு ஒயரில். பேட்டரி இறங்கிய ஒரு காலையில் பதிவான பழைய எண்களும் நினைவில் கிடக்கும். அவற்றை அழித்துவிட்டு, வண்டியை வேலை வாங்கி, திரும்பி வருவதை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சங்ககிரிப் பக்கம் ஒரு கல் குவாரியில் பார்த்தேன். வண்டியின் புது முதலாளி, "ஏனுங்கண்ணா, போர்டு போயிருச்சுங்களா? ரெண்டு பேரு பாத்துட்டு அப்படித்தான் சொன்னாங்க" என்றார். எலக்ட்ரீஷியன் பதில் சொல்லவில்லை. பேட்டரி கட் ஆஃபைத் திருப்பினார். கரன்ட் இருக்கும்போது ஓம்ஸ் பார்த்தால் மீட்டர் பொய் சொல்லும். ஒன்பது பின் கொண்ட வட்டச் சாக்கெட்டில், கேன் ஒயர்கள் வந்து சேரும் சி, டி என்ற இரண்டு துளைகளில் மீட்டர் முனைகளை வைத்தார். 60 காட்டியது. நடு ஒயரின் இரண்டு முனையிலும் தலா 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருக்கும், இணையாகச் சேர்ந்தால் 60. "சரியாத்தானுங்க இருக்குது" என்றார் முதலாளி, கொஞ்சம் ஏமாற்றமாக. "இருங்க, இன்னும் வண்டிய ஆட்டவே இல்லீங்களே" என்றவர், உதவிப் பையனை கேபின் அடியில் போகும் ஹார்னஸைப் பிடித்து அசைக்கச் சொன்னார். டீசல் டேங்க் பின்னால் ஓர் இடத்தைத் தொட்டதும் 60 என்பது 120 ஆனது. விட்டதும் 60. டேப்பைப் பிரித்தால், யாரோ எப்போதோ அறுந்த ஒயரைக் கையால் முறுக்கி ஒட்டியிருந்த ஜாயின்ட், உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு ஒயர்களின் முறுக்கையும் பிரித்து நேராக விட்டிருந்தார்கள். முறுக்கு அழகுக்காக இல்லை. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு ஒயர் மேலும் ஒரே அளவில் விழுந்து, கழிபட்டுப் போவதற்காக.

மீட்டர் 120 காட்டினால் ஒரு ரெசிஸ்டரைக் காணோம் அல்லது நடு ஒயர் அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டன. ஆனால் 60 வந்துவிட்டது என்று மீட்டரை மடித்து வைப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ரெசிஸ்டர்கள் நடு ஒயரின் முனைகளில் இருக்கின்றன. ஒரு கண்ட்ரோலருக்குப் போகும் கிளை ஒயர் முழுதாக அறுந்தாலும் மீட்டர் சாதுவாக 60-தான் காட்டும். சந்தேகப்படும் பெட்டியின் சாக்கெட்டைக் கழற்றி, ஒயர் பக்கம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பிறகு சாவியைப் போட்டு வோல்ட் பார்க்க வேண்டும். பாடிக்கும் ஒயருக்கும் நடுவே ஒன்று 2.5-க்குச் சற்று மேல், மற்றது சற்றுக் கீழ், கூட்டினால் 5 பக்கம் வரும். ஒரு ஒயரில் 24 வோல்ட் தெரிந்தால் வேறெங்கோ பேட்டரி ஒயர் இதில் உரசுகிறது.

பேசாத பெட்டிக்குச் சாப்பாடு போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பல நேரம் ஃபியூஸ், ரிலே, துருப்பிடித்த எர்த். இங்கே மீட்டர் ஏமாற்றும். ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் 24 வோல்ட் காட்டிவிடும். கண்ட்ரோலர் சாக்கெட்டின் பவருக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினால் குட்டு உடையும். மங்கலாக எரிந்தால் ஒயர் சரியில்லை.

வாங்கப் போகிறவர்கள் மீட்டர் எடுத்துப் போகாவிட்டாலும் இரண்டைப் பார்க்கலாம். சீட்டுக்குப் பின்னால் பேனலைத் திறந்து, எலிப் புழுக்கையும் புது இன்சுலேஷன் டேப்பும், கழற்றிய ஜி.பி.எஸ். பெட்டியின் தொங்கும் சாக்கெட்டும் இருக்கின்றனவா என்பது ஒன்று. சில வண்டிகளில் ரெசிஸ்டர் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும், பெட்டியோடு அதுவும் போயிருக்கும். இன்னொன்று எமர்ஜென்சி பம்ப் சுவிட்ச். கண்ட்ரோலர் கைவிட்டாலும் வண்டி அவசரத்துக்கு நகர வேண்டும் என்பதற்காகப் பல மாடல்களில் இது உண்டு. விற்கிறவர் அதை எமர்ஜென்சியில் போட்டே பக்கெட்டைத் தூக்கிக் காட்டுவார், வண்டியும் தூக்கும். சுவிட்சை நார்மலுக்குத் தள்ளச் சொல்லி, ஆயில் சூடாகும் வரை குழி தோண்டச் சொல்லுங்கள். அதன் பிறகு விலை பேசலாம்.

(தொடரும்)