அமுக்குவான்

எனக்கு அது முதன்முதலில் வந்தது ஒரு நோன்பு காலத்தில். ஸஹர் செய்து, சுபஹு தொழுதுவிட்டு மல்லாந்து படுத்தவன் திடீரென விழித்தேன். மேலே மின்விசிறி சுற்றுவது தெரிகிறது. குசினியில் உம்மா கோப்பை கழுவும் சத்தமும் கேட்கிறது. ஆனால் ஒரு விரலையும் அசைக்க முடியவில்லை. நெஞ்சில் யாரோ குந்தியிருப்பதுபோலப் பாரம். கதவடியில் ஒரு கறுத்த உருவம். கத்துகிறேன், சத்தம் வரவில்லை. மனதுக்குள் ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினேன். பாதியில் உடம்பு விடுபட்டது.

மூத்தம்மாவிடம் சொன்னபோது, "அது அமுக்குவான் மனெ. மல்லாக்கப் படுக்காத எண்டு எத்தின தரம் சொல்லியிருக்கன்" என்றா. அதில் பாதி வைத்தியம் இருந்ததென்பது பிறகுதான் விளங்கியது.

நித்திரையில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கொரு முறை கனவுக் கட்டம் வந்துபோகும். விடிய விடிய அது நீளும். அந்த நேரம் கனவுக்கேற்ப நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளைத்தண்டு கைகால் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. கண்ணும் மூச்சுக்கான உதரவிதானமும் மட்டும் வேலை செய்யும். சில வேளை மூளை முந்தி விழித்துவிடும், தசைப்பூட்டு திறக்கப் பிந்திவிடும். இதுவே நித்திரை முடக்கம். விலாத் தசைகளும் தளர்ந்திருப்பதால் நினைத்தபடி ஆழமாக மூச்செடுக்க முடியாது. அதுதான் நெஞ்சுப் பாரம். கதவடி உருவம், முடியாத கனவின் மிச்சம். சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் போய்விடும். மூச்சு நின்றுபோகாது.

இதை நோயாகப் பார்த்தது நேற்றைய மேற்கத்திய வைத்தியமல்ல. 10ஆம் நூற்றாண்டில் புகாராவின் அல்அகவைனி, "காபூஸ்" என்ற பெயரில் இதை எழுதி, வயிற்றிலிருந்து மூளைக்கு ஏறும் ஆவியே காரணமென்றார். இப்னு ஸீனாவும் தன் கானூனில் காபூஸுக்கு இடமளித்தார். காரணம் பிழைத்திருக்கலாம், உடம்புக்குள் தேடினார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி பொதுமக்களில் நூற்றுக்கு எட்டுப் பேரளவில் இதை ஒருமுறையாவது அனுபவிக்கிறார்கள். மாணவர்களில் 28 பேர். நித்திரைக் குறைவு, நேரம் மாறிய படுக்கை, மன அழுத்தம், மல்லாந்து படுப்பது ஆகியவை இதைக் கூட்டும். வலப்பக்கம் சாய்ந்து படுக்கும் சுன்னத்தை நினைத்துக்கொண்டேன். எப்போதாவது வந்தால் மருந்து வேண்டாம். வரும்போது முழு உடம்போடு மல்லுக்கட்டாமல் ஒரு விரல் நுனியை அசைக்கப் பாருங்கள்.

விழித்தபின் ஒரு பக்கம் மட்டும் இயங்காமலிருந்தாலோ, வாய் கோணினாலோ, கைகால் பலவீனம் மணிக்கணக்கில் நீடித்தாலோ அது அமுக்குவான் இல்லை. பக்கவாதமாகவோ இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்ததாகவோ இருக்கலாம். தரையில் படுத்தவர் இரவில் வயிற்றுவலியோடு எழும்பி, கண்ணிமை தொங்கி, விழுங்க முடியாமல் தவித்தால் எட்டடி விரியன் தீண்டியிருக்கக்கூடும். அதன் கடி வலிக்காது, தடமும் தெரியாமல் போகலாம். இவற்றுக்கெல்லாம் தண்ணீர் ஓதிக்கொண்டு விடியும்வரை காத்திருக்க நேரமில்லை. 1990க்கு அடியுங்கள்.

இன்னொன்று மெல்ல வரும். என் ராத்தாவின் மகனுக்கு 17 வயதில் அமுக்குவான் கிழமைக்கு மூன்று நாலு தரம் வந்தது. வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நித்திரையாகிவிடுவான். கூட்டாளிகளோடு சிரித்தால் முழங்கால் மடிந்து கீழே இருந்துவிடுவான். ஜின் என்றார்கள். இரண்டு வருடம் ஊரூராக ஓதிப்பார்த்து, கறுத்த நூல் கட்டினோம். நான் படித்தவன், நானும் "சோம்பேறி" என்று ஏசினேன். ஏ.எல். பரீட்சை மண்டபத்திலும் அவன் தூங்கிவிட்டான்.

கடைசியில் நரம்பியல் வைத்தியர் கேட்ட இரண்டாவது கேள்வியே, "சிரிச்சா கால் மடியுதா தம்பி?" என்பதுதான். நார்கோலெப்சி என்றார். பகலில் அடக்கமுடியாத நித்திரை, சிரிப்பிலோ கோபத்திலோ தசை தளர்வது, அடிக்கடி வரும் முடக்கம் இவை சேர்ந்து வந்தால் கட்டாயம் காட்ட வேண்டும் என்றார். கடும் குறட்டையோடு இரவில் மூச்சுத் திணறுபவர்களும் அப்படித்தான். ஓதுவதை அவர் விடச் சொல்லவில்லை. ராத்தா இன்றும் ஓதி ஊதுகிறா.

அவன் இப்போது மருந்து எடுக்கிறான். ளுஹர் தொழுதபின் இருபது நிமிடம் படுக்கிறான். மீண்டும் ஏ.எல். எழுதினான். சிரிப்பு வந்தால் மட்டும் முதலில் சுவரைப் பிடித்துக்கொள்வான்.