கத்திரிப் பாத்தியில் ஓடும் கறுப்பு வண்டு... கொல்ல வேண்டாம்!

'கத்திரிக்கு மூடாக்குப் போட்டிருக்கிறேன். காலையில் சருகைப் புரட்டினால், பளபளப்பான கறுப்பு வண்டுகள் சிதறி ஓடுகின்றன. வேரைத் தின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. குருணை மருந்து போடலாமா?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

போட வேண்டாம். முதலில் அது ஓடுகிற வேகத்தைப் பாருங்கள். சருகை எடுத்த நொடியில் நீளக் கால்களால் விறுவிறுவென்று ஓடி மறைந்தால், அது பெரும்பாலும் தரை வண்டு. செடியை விட்டுவிட்டுப் புழுவைப் பிடித்துத் தின்கிற வண்டு அது. சாவகாசமாக ஊர்ந்து போகும் கறுப்பு வண்டுகள் வேறு. அவற்றில் பல, மட்கிய குப்பையைத் தின்பவை.

குழப்பம் அதிகம் வருவது புழுப் பருவத்தில்தான். வேரைக் கடிக்கும் வெள்ளை வேர்ப்புழு கொழுத்து, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். தரை வண்டின் புழு நீண்டு, தட்டையாக, கருத்திருக்கும். தலைக்கு முன்னால் இடுக்கிபோல இரண்டு தாடைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆறு கால்களால் வேகமாக ஓடும். மண்வெட்டியில் அகப்பட்டதையெல்லாம் கோழிக்குப் போடுவது நம் வழக்கம். இதை மட்டும் விட்டுவிடுங்கள்.

புரோட்டீனியா புழுவும் வெட்டுப்புழுவும் பகலில் மண் வெடிப்பிலும் சருகடியிலும் பதுங்கி, இரவில் வெளியே வந்து செடியைக் கடிக்கின்றன. நாம் மருந்து அடிப்பதோ பகலில். தரை வண்டில் பெரும்பாலானவற்றுக்கும் ராத்திரிதான் வேலை நேரம். ஆனால், கத்திரித் தண்டுக்குள் புகுந்துவிட்ட துளைப்பானை இதனால் ஒன்றும் செய்ய முடியாது. வாடிய நுனியைக் கிள்ளி அழிப்பதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

நெல் வயலிலும் ஒரு வகை உண்டு. சிறியது, கழுத்து ஒடுங்கியது, செம்பழுப்பு நிறம். இலைச்சுருட்டுப் புழு மடித்து வைத்த இலைக்குள்ளேயே நுழைந்து, நாளைக்கு 3 முதல் 5 புழுக்கள் வரை தின்னும். புகையானையும் விடாது.

மானாவாரிக் காட்டில் மழைக்குப் பிறகு, ஒன்றரை அங்குல நீளத்தில் ஒரு கறுப்பு வண்டு திரியும். முதுகில் 6 வெள்ளைப் புள்ளிகள். பிள்ளைகள் சீண்டுவார்கள், எரிச்சல் தரும் அமிலத்தைப் பீய்ச்சிவிடும். கண்ணில் பட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த ஆறு புள்ளி வண்டுக்குப் பறக்கத் தெரியாது. குருணை மருந்தில் ஒரு முறை செத்துப்போனால், திரும்ப வரப்பிலிருந்து நடந்துதான் வர வேண்டும். வரப்பையும் வழித்து, சருகையும் கொளுத்திவிட்டால் எங்கிருந்து வரும்? இங்கிலாந்தில் பெரிய கோதுமை வயல்களுக்கு நடுவே, இந்த வண்டுகள் தங்குவதற்கென்றே புல்மேடு போடுகிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை, வரப்பு இருக்கிறது. ஒரு பக்கத்து வரப்பிலாவது புல்லை வேரோடு செதுக்காமல், அறுத்து மட்டும் விடுங்கள். வரப்பு ஓரத்தில் நாலு தட்டைக் கற்களோ பழைய ஓடுகளோ போட்டு வையுங்கள்.

தோட்டத்தில் எத்தனை இருக்கின்றன என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் டம்ளர் போதும். அடியில் ஊசியால் நாலு துளை போட்டு, விளிம்பு தரைமட்டத்தில் இருக்கும்படி சாயங்காலம் புதைத்துவிடுங்கள். மழை விழாமல் இருக்க, சிறு கற்களை முட்டுக் கொடுத்து மேலே ஓடு வையுங்கள். விடிந்ததும் எண்ணிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சருகடியில் விட்டுவிடுங்கள். ஒரே டம்ளரில் வெகுநேரம் கிடந்தால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்.