கிளாஸுக்குள் என்ன இருக்கிறது? பி.எச்.பி.யிடமே கேளுங்கள்

பி.எச்.பி. கற்கத் தொடங்கியவர்கள் விரைவிலேயே பிறர் எழுதிய கிளாஸ் பைல்களை டவுன்லோட் செய்து பயன்படுத்துவார்கள். கிளாஸ் என்பது ஒரு வேலைக்கான தகவல்களையும் செயல்களையும் ஒன்றாகக் கட்டிய மூட்டை. அந்தச் செயல்களை மெத்தட் என்பார்கள். பைலுடன் விளக்கக் குறிப்பு இல்லையென்றால் உள்ளே என்னென்ன மெத்தட்கள் உள்ளன என்று எப்படி அறிவது?

பழைய வழி, கெட்_கிளாஸ்_மெத்தட்ஸ் என்ற பங்ஷன். கிளாஸின் பெயரைக் கொடுத்தால் மெத்தட்களின் பெயர்கள் கிடைக்கும். ஆனால் வெளியிலிருந்து கேட்டால் பப்ளிக் மெத்தட்களை மட்டுமே காட்டும். பிரைவேட், புரொடெக்டட் வகைகள் வராது.

2004ல் வந்த பி.எச்.பி. 5 பதிப்பில் ரிப்ளெக்ஷன் என்னும் வசதி தரப்பட்டது. புரோகிராம் தன்னையே கண்ணாடியில் பார்த்துக் கொள்வது போன்றது இது. பார்க்க வேண்டிய கிளாஸின் பெயரைக் கொடுத்து ரிப்ளெக்ஷன்கிளாஸ் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்குங்கள். அதில் கெட்மெத்தட்ஸ் என அழைத்தால் பிரைவேட் உட்பட எல்லா மெத்தட்களும் கிடைக்கும். ஒவ்வொரு மெத்தட்டிடமும் மேலும் கேட்கலாம். கெட்பராமீட்டர்ஸ் அதற்குத் தர வேண்டிய மதிப்புகளையும், கெட்பைல்நேம், கெட்ஸ்டார்ட்லைன் ஆகியவை அது எழுதப்பட்டுள்ள பைலையும் வரி எண்ணையும் தரும். (இப்பெயர்களை ஆங்கிலத்தில் இடைவெளி இன்றி டைப் செய்திட வேண்டும்.)

நான் முதலில் பார்ப்பது பராமீட்டர்களைத்தான். டெலிட் என்று ஒரு மெத்தட் இருக்கிறது. நீக்க வேண்டிய பதிவின் எண்ணை அதற்குத் தர வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். அந்த பராமீட்டரிடம் இஸ்ஆப்ஷனல் என்று கேளுங்கள். ‘ஆம்’ என்று பதில் வந்தால் உஷார்! எண் தராவிட்டாலும் அந்த மெத்தட் இயங்கும். அப்போது எல்லாப் பதிவுகளையும் அழிக்கும்படி எழுதியிருக்கலாம். வரி எண்ணைப் பார்த்து அந்த இடத்தைப் படித்த பிறகே பயன்படுத்துங்கள்.

இப்படிச் சோதிக்கும்போது அந்த கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் இயங்குவதில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் பைலை இன்க்ளூட் செய்தால்தானே சோதிக்க முடியும்? அப்போது கிளாஸுக்கு வெளியே உள்ள கட்டளைகள் இயங்கிவிடும். எனவே நம்பிக்கை இல்லாத பைலை முதலில் நோட்பேடில் திறந்து பார்ப்பதே சரி.

புரோகிராம் எழுதாமலே பழகிப் பார்க்க ஆசையா? கமாண்ட் பிராம்ப்டில் பி.எச்.பி. என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு ஹைபன்களுடன் ஆர்.சி. எழுத்துகளைச் சேர்த்து, மீண்டும் இடைவெளி விட்டு டேட்டைம் என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். பி.எச்.பி.யுடன் வரும் அந்த கிளாஸின் மெத்தட்கள் முழுவதும் திரையில் ஓடும்.