சிங்க்குக்கு அடியில்

பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று ஐம்பது வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்துப் பிள்ளையைக் கேட்டிருந்தால், கையை நீட்டிக் காட்டியிருக்கும். கொல்லையில் கிணற்றடி, அதையொட்டித் துவைகல், அங்கிருந்து மண்ணில் கீறிய சின்ன வாய்க்கால், அது முடிகிற இடத்தில் வாழை. வீட்டு வடிகால் அவ்வளவுதான். தெருவோர வீடுகளில் அடுப்படி மூலையில் அங்கணம் இருக்கும். மூன்று பக்கம் வரம்பு கட்டி, ஒரு பக்கம் வாட்டம் வைத்து, சுவரில் ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். அடைத்துக்கொண்டால் மூங்கில் பிளாச்சால் இரண்டு குத்து, ஒரு வாளித் தண்ணீர், தென்னை விளக்குமாறு. வேலை முடிந்தது.

இன்று அதே கேள்விக்கு நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. சிங்க்கின் ஓட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு கதவைத் திறந்து, பினாயில் பாட்டிலையும் பழைய பைகளையும் ஒதுக்க வேண்டியிருக்கிறது. அடைக்கிற நாள் வரை யாரும் குனிவதில்லை.

அன்று அடைப்பு குறைவாக இருந்ததற்கு வாட்டம் மட்டும் காரணம் அல்ல. வாய்க்காலுக்குப் போகும் முன்பே பங்கு பிரித்துவிடுவார்கள். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, ஆட்டுக்கல் கழுவிய மாவுத் தண்ணீர், காய்த்தோல் எல்லாம் கழுநீர்ப் பானைக்கு, அது மாட்டுக்கு. எச்சில் இலையும் மாட்டுக்கோ குப்பைக்குழிக்கோ போகும். அப்பளம் பொரித்த எண்ணெய் மறுநாள் தாளிப்புக்கு ஆகும். மிச்சமிருக்கும் பிசுக்கைச் சாம்பலும் தேங்காய் நாரும் பார்த்துக்கொள்ளும். விறகுச் சாம்பலில் உள்ள காரம் எண்ணெயோடு சேர்ந்து அதைப் பாதி சோப்பாக்கிவிடும். கடைசியில் வாய்க்காலில் ஓடியது சாம்பல் தண்ணீர்தான்.

இதைச் சொல்லிப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. தேங்கிய வாய்க்காலில் கொசு பெருகியது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு அழுக்குத் தண்ணீர்தான் பிடித்த இடம். பத்துப் பாத்திரத்தைக் குத்தவைத்துத் தேய்த்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போனது பெண்களுக்கு. கேஸ் அடுப்பு வந்தது. சமையல் மேடைக்கு ஏறியது; கழுவுவதும் கூடவே ஏறியது. முதலில் சிமெண்ட் அல்லது மொசைக் தொட்டி, பிறகு எவர்சில்வர் சிங்க். நின்றபடி பாத்திரம் கழுவ முடிந்ததே பெரிய விடுதலை.

ஆனால் வடிகால் கண்ணை விட்டு மறைந்தது. சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாய் அல்லது பாட்டில் ட்ராப் இருக்கும். அதன் வளைவில் சுமார் இரண்டு அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்கும். சாக்கடை வாடையும் கரப்பான்பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். 1775-இல் லண்டன் கடிகாரக்காரர் அலெக்சாண்டர் கமிங் கழிப்பறைக்காகக் காப்புரிமை வாங்கிய வளைகுழாயின் தத்துவமே இதுவும். பல வீடுகளில் ட்ராப் வைக்காமல் பிளாஸ்டிக் ஹோஸை நேரே தரை ஓட்டையில் செருகிவிடுகிறார்கள். பிறகு நாற்றத்துக்கு வாசனைத் திரவம் தேடுகிறார்கள்.

குழாய் சிறுத்தது, அதில் போவதோ பெருத்தது. இந்தியாவில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 19.7 கிலோ சமையல் எண்ணெய் பயன்படுத்துவதாக நிதி ஆயோக்கின் 2024 அறிக்கை சொல்கிறது. மாடு இல்லாத வீட்டில் மாவு கரைத்த தண்ணீர், சோற்றுப் பருக்கை, டீத்தூள் சக்கை எல்லாம் ஒரே ஓட்டைக்குள் போகின்றன. சூடான எண்ணெய் வழுக்கிக்கொண்டுதான் இறங்குகிறது. நாலடி தள்ளிக் குளிர்ந்ததும் குழாயின் சுவரில் அப்புகிறது. போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து மெழுகுபோல இறுகுகிறது. அதில் மாவு ஒட்டுகிறது, மாவில் டீத்தூள் ஒட்டுகிறது. அன்று சுத்தம் செய்த சாம்பலும் நாரும்கூட இந்தக் குழாயில் போனால் அடைப்பாகத்தான் மாறும்.

அடுக்குமாடியில் இன்னொரு சிக்கல். மேலிருந்து கீழ்வரை எல்லாச் சமையலறைக்கும் ஒரே நிலைக்குழாய். அது அடியில் அடைத்தால் மூன்றாம் மாடி சாம்பார் தரைதள சிங்க்கில் பொங்கி வரும். தரைதளத்துக்காரர் தன் வீட்டு ட்ராப்பை எத்தனை தடவை கழற்றினாலும் தீராது.

அடைத்ததும் நாம் ஓடுவது கடைக்கு. பாக்கெட்டில் வரும் வெள்ளைத்தூள் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. சாம்பல் செய்ததைப் பல மடங்கு மூர்க்கமாகச் செய்யும். தண்ணீர் பட்டதும் கொதிக்கும், தெறித்தால் கண் போகும். அது வேலை செய்யவில்லை என்று மேலேயே ஆசிட் ஊற்றுவது அதைவிட ஆபத்து. ஆசிடும் பிளீச்சிங்கும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்து நுரைப்பது பார்க்க அழகு. ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் எண்ணெய்க் கட்டிக்கு அதனால் பெரிய சேதமில்லை.

கைவேலைதான் நல்ல வேலை. ரப்பர் பம்பை வைப்பதற்கு முன் அதன் வாய் மூழ்கும் அளவு தண்ணீர் நிற்க வேண்டும். சிங்க்கின் பக்கவாட்டு ஓட்டையை ஈரத்துணியால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று அந்த வழியே ஓடிவிடும். அதற்கும் அசையாவிட்டால், அடியில் வாளி வைத்து பாட்டில் ட்ராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையாலேயே திருகலாம். கரேலென்று கூழ் இறங்கும். அதில் நேற்றைய கடுகும் போன மாதக் கறிவேப்பிலைக் காம்பும் கிடக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வாஷரைச் சரியாக உட்காரவைத்துத் திருப்பி முடுக்கினால் தீர்ந்தது. மறுபடி அடைக்காமலிருக்க, எண்ணெய்ச் சட்டியைக் கழுவும் முன் செய்தித்தாளால் துடைத்தெடுத்தாலே பாதி வேலை முடிந்தது. ஜல்லடையில் சேர்ந்ததை விரலால் தள்ளாமல் குப்பைக்கூடையில் தட்ட வேண்டும்.

இதைச் செய்யச் சொல்வதற்கு நம் வீட்டுக் குழாய் மட்டும் காரணம் இல்லை. நாம் தள்ளிவிட்ட கட்டி பாதாள சாக்கடையில் போய்ச் சேர்கிறது. பாதுகாப்பில்லாமல் அதற்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் சாவுகள் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அப்படி இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்த வேண்டியிருந்தது.

கொல்லையும் கழுநீர்ப் பானையும் இனித் திரும்பாது. திரும்ப வேண்டியது, எதைத் தண்ணீரோடு விடலாம், எதை விடக்கூடாது என்கிற பழைய கணக்கு மட்டுமே. அன்று அங்கணம் கழுவுவது பெண்கள் தலையில் விழுந்தது. பாட்டில் ட்ராப்பைக் கழற்றி மாட்ட வீட்டில் உள்ள ஆண்பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.